முதன்முறையாக நேரில் ஒரு மென்டலிசம் ஷோ பார்த்தேன். எதைப் பார்த்திருக்க வேண்டும்?

கைப்பழக்கம் | சனி, இரவு 11.52

வணக்கம். எட்டு மாதமாகச் சீட்டுக்கட்டு, நாணய வித்தைகள் பழகி வருகிறேன். டபுள் லிஃப்ட் (இரண்டு சீட்டை ஒரே சீட்டு மாதிரி எடுத்துக் காட்டுவது) ஓரளவு வருகிறது. நாணயத்தை உள்ளங்கையில் மறைத்தால் இன்னும் விரல் காட்டிக்கொடுக்கிறது. இன்றைக்குத்தான் முதன்முறையாக, மனதைப் படிப்பது மாதிரி வித்தை காட்டும் ஒரு மென்டலிஸ்ட்டின் முழு ஷோவை நேரில் பார்த்தேன். சென்னையில் ஒரு சின்ன அரங்கம், நூற்றைம்பது நாற்காலி இருக்கும். ஒன்றரை மணி நேர நிகழ்ச்சி. அக்காவும் கூட வந்திருந்தாள்.

எப்படிச் செய்கிறார் என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் வீட்டிலிருந்தே கிளம்பினேன். நான்காவது வரிசை ஓரத்தில் இடம். அவர் பேசியது எதையும் காதில் வாங்கவில்லை. கை எங்கே போகிறது, பேனாவை எப்போது மூடுகிறார், மேசையில் எத்தனை உறை இருக்கிறது, எப்போது முதுகைக் காட்டுகிறார், இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்தம் ஏழு ஐட்டம். இரண்டில் வழி பிடிபட்டுவிட்டது என்று நம்புகிறேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

அதில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். இரண்டாவது வரிசையில் இருந்த ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரை மேடைக்கு அழைத்தார். சின்ன வயதில் பிரிந்துபோன ஒரு நண்பரை நினைக்கச் சொன்னார். பெயரைச் சின்னக் காகிதத்தில் எழுதி மடிக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அந்தக் காகிதம் துண்டு துண்டாகக் கிழிந்து போனது. அப்புறம் ஏதேதோ பேசிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் அந்தப் பெயரைச் சொன்னார். அரங்கமே அப்படியே உறைந்துவிட்டது. அந்த நேரத்தில் என் கண் அவருடைய இடது கையில் இருந்தது. மேலே வந்தவரின் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

திரும்பும்போது மெட்ரோவில் அக்கா சொல்கிறாள்: "அவர் எதுவுமே எழுதலையே! மனசுல நினைச்சார், இவர் கண்ணைப் பார்த்தே சொல்லிட்டார்." காகிதம் இருந்தது என்றேன். "அது வேற ஆளுக்கு" என்கிறாள். ஆலந்தூர் வரும்வரை வாதாடினோம். அவள் வங்கியில் வேலை பார்க்கிறாள், ஒரு ரூபாய் கணக்கு உதைத்தாலும் விடமாட்டாள். அவளே அடித்துச் சொல்கிறாள்.

வழி தெரிந்த எனக்கு ஒன்றும் கிடைக்காத மாதிரி இருக்கிறது. ஒன்றும் தெரியாத அவள் இரவு முழுக்க அதையே பேசுகிறாள். கற்றுக்கொள்கிறவன் ஒரு ஷோவை எப்படிப் பார்க்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

புறாக்கூண்டு | ஞாயிறு, காலை 7.10

முதல் தடவை சும்மா போய்ப் பாருங்கள். வித்தைக்காரர் என்பதையே மறந்துவிடுங்கள். நான் இன்றைக்கும் அப்படித்தான். பிடித்திருந்தால் இரண்டாவது டிக்கெட் எடுப்பேன், அது படிப்பதற்கு.

மேடைப்பின்புறம் | ஞாயிறு, காலை 9.35

தம்பி, நான் பதினோரு வருடம் மேடை மாயாஜாலக் குழுவில் உதவியாளனாக இருந்தவன். கடைசி ஐந்து வருடமாக மென்டலிசம் மட்டும் செய்கிறேன். உங்கள் பதிவில் உங்களுக்கு வேண்டிய பதில் இருக்கிறது, அது உங்கள் அக்கா சொன்னதில் இருக்கிறது.

//அவர் எதுவுமே எழுதலையே!//

இதைக் கேட்டால் அந்தக் கலைஞர் மகிழ்ந்துபோவார். அக்காவுக்கு ஞாபக மறதி ஒன்றும் இல்லை. எழுதியது நடந்தது, அவர் அதைக் கண்ணால் பார்த்தார். ஆனால் அதை முக்கியம் என்று எடுத்து வைக்க அவருக்கு ஒரு காரணமும் தரப்படவில்லை. "நடுவில் பெயரை மாற்றிவிடக் கூடாது, அதனால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்" என்கிற மாதிரி ஏதாவது சொல்லியிருப்பார். கேட்பவருக்கு அது நியாயமாகப் படும். நியாயமாகப் படுகிற காரியத்தை யாரும் மனதில் சுமப்பதில்லை. நீங்கள் நேற்று வீட்டைப் பூட்டினீர்கள், அது நினைவில் இருக்கிறதா? பூட்டாமல் வந்திருந்தால்தான் நினைவில் இருக்கும்.

அடுத்தது இடைவெளி. காகிதம் போன கையோடு பெயரைச் சொன்னால் அது கண்கட்டு வித்தை, எல்லோரும் காகிதத்தைத் தேடுவார்கள். நல்ல கலைஞர் அந்த இடத்தில் ஒரு வாழ்க்கையை வைப்பார். எந்த ஊர், எந்தப் பள்ளி, கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று கேட்பார். வந்தவர் சிரிப்பார், ஒரு கணம் கண் கலங்குவார். அரங்கம் அவரோடு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். திரும்பி வரும்போது காகிதம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. நீங்கள் "ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தார்" என்று ஒரே வரியில் தாண்டிப் போனீர்கள் பாருங்கள், அந்த ஐட்டமே அங்கேதான் நடந்தது.

உங்களைக் குறை சொல்லவில்லை. சீட்டு பழகுகிறவர் கையைப் பார்ப்பார், அது இயல்பு. மென்டலிசத்தில் கைவேலை மிகக் கொஞ்சம். நான் இந்தப் பக்கம் வந்தபோது முதல் ஒரு வருடம் பேனாவும் காகிதமும் பழகினேன், அடுத்த நான்கு வருடமாகப் பேச்சுதான் பழகுகிறேன். இன்னும் முடியவில்லை.

ஒரு வேண்டுகோள். அக்காவிடம் இனி வாதாட வேண்டாம். அவர் பார்த்தது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள், நீங்கள் தனியாக எழுதுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எந்தப் புத்தகத்திலும் அதைவிட நல்ல பாடம் இல்லை.

ஒத்தக்கடை | ஞாயிறு, முற்பகல் 11.20

மேலே உள்ளதைப் படித்ததும் எங்கள் ஊர்ச் சந்தை ஞாபகம் வந்துவிட்டது. மோடி வித்தைக்காரர் வட்டம் கட்டி, ஒரு பையனைத் தரையில் படுக்கவைத்து முகத்தைத் துணியால் மூடிவிடுவார். கூட்டத்துக்குள் போய் ஒருவர் சட்டைப் பையைத் தொட்டு, "இவர்கிட்ட என்ன இருக்கு?" என்பார். துணிக்குள்ளிருந்து "சீப்பு" என்று பதில் வரும். "என்ன கலரு?" "பச்சை." ரூபாய் நோட்டின் எண்ணைக்கூடச் சொல்வான். நாங்கள் பள்ளிக்குப் போகாமல் நின்று பார்ப்போம்.

பெரியவனான பிறகுதான் தெரிந்தது, உலகம் முழுக்க இதே வித்தை மேடையில் நடந்திருக்கிறது என்று. டென்மார்க்கில் பிறந்த ஜூலியஸ் ஜான்சிக்கும் அவர் மனைவி ஆக்னஸும் 1906-இல் லண்டனையே இதனால் கலக்கினார்கள். கேட்கிற கேள்வியின் சொற்களுக்குள் பதிலை ஒளித்து அனுப்புவது இதில் பழைய வழி. அதை மனப்பாடம் செய்ய வருடக்கணக்கில் உழைப்பு வேண்டும். வெயிலில் துணிக்கடியில் படுத்துக்கொண்டு ஒரு பத்து வயதுப் பையன் எதையெல்லாம் தலையில் வைத்திருக்க வேண்டியிருந்தது என்று நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. அவனுக்கு யாரும் கைதட்டியதாக எனக்கு நினைவில்லை. கூட்டம் கலைந்ததும் தட்டில் சில்லறை போட்டுவிட்டுப் போய்விடுவோம்.

ஜூரோங்மேற்கு | ஞாயிறு, பிற்பகல் 2.05

ஒத்தக்கடை, நீங்கள் சொன்னதற்குச் சிங்கப்பூரில் ஒரு தொடர்ச்சி உண்டு. சிட்னி பிடிங்டன் என்ற ஆஸ்திரேலியப் படைவீரர் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் பிடிபட்டுச் சாங்கியில் கைதியாக இருந்தார். பசியும் நோயுமாகக் கிடந்த சக கைதிகளை மகிழ்விக்க, அங்கேதான் மனம் வாசிக்கும் நிகழ்ச்சியை உருவாக்கினார். போர் முடிந்ததும் மனைவி லெஸ்லியோடு சேர்ந்து அதையே வானொலிக்குக் கொண்டுபோனார். 1949-இல் பிபிசியில் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். கணவர் ஸ்டூடியோவில், மனைவி லண்டன் கோபுரத்துக்குள். ஸ்டூடியோவில் ஒரு புத்தகத்திலிருந்து தேர்ந்தெடுத்த வரியை மனைவி அங்கிருந்தே சொன்னார். ஒவ்வொரு முறையும் "நீங்களே நீதிபதி" என்று கேட்பவர்களிடம் விட்டுவிடுவார்கள். சக்தி உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நான் தினமும் சாங்கி வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். ஒரு சிறை முகாமில் சாமான் எதுவும் கிடைக்காது. வெறும் சொல்லையும் இன்னொரு மனிதரையும் வைத்துக்கொண்டு நிகழ்ச்சி நடத்த முடிந்தது இந்தக் கலையால்தான். கைப்பழக்கம், உங்கள் சீட்டுக்கட்டை ஒரு மாதம் பெட்டிக்குள் வைத்துவிட்டு முயன்று பாருங்கள்.

வெளிச்சம் | ஞாயிறு, பிற்பகல் 3.40

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எனக்கு இந்த "நீங்களே நீதிபதி" பிடிக்கவில்லை. சீட்டு வித்தை பார்க்கிறவர் யாரும் அதை நம்பி மகளின் திருமணத்தை முடிவு செய்வதில்லை. மனதைப் படிக்கிறேன் என்பவரை நம்பி முடிவெடுப்பார்கள். போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த் (1930–2009) தானே வித்தை தெரிந்தவர். சாமியார்கள் அற்புதம் என்று காட்டுவதை ஊர் ஊராகப் போய்ச் செய்துகாட்டி, எப்படி என்றும் விளக்கினார். இலங்கையில் ஆபிரகாம் கோவூர், ஏமாற்று இல்லாமல் ஓர் அற்புதத்தைச் செய்துகாட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறைகூவல் விட்டார், கடைசிவரை யாரும் வாங்கவில்லை. அவர்களைப் படித்து வளர்ந்தவன் நான். கைப்பழக்கத்தின் அக்கா இன்று "கண்ணைப் பார்த்தே சொல்லிட்டார்" என்கிறார். நாளை கைரேகை பார்ப்பவர் வந்தால்?

மேடைப்பின்புறம் | ஞாயிறு, மாலை 6.15

வெளிச்சம், உங்கள் கவலை எனக்கும் உண்டு. மழுப்பாமல் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நிறுவனத்தின் குடும்ப விழாவில் ஷோ முடித்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஓர் அம்மா வந்து நின்றார். கையில் ஓர் இளைஞனின் புகைப்படம். "வீட்டை விட்டுப் போய் ஒன்பது மாசம் ஆச்சு. எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க தம்பி" என்றார். நான் மேடையில் "இதெல்லாம் மனவியல்" என்று ஒரு வரி சொல்லித்தான் தொடங்கியிருந்தேன். அது போதவில்லை. அவரை உட்காரவைத்து, நான் செய்தது பயிற்சியால் வருகிற வித்தை, எனக்கு எதையும் தெரிந்துகொள்கிற சக்தி கிடையாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் நம்பவில்லை. சொல்ல மனமில்லாமல் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே போனார். அன்று இரவு நான் தூங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருவரின் குடும்பம், உடல்நலம், இறந்தவர்கள், எதிர்காலம் இவற்றை ஐட்டமாகச் செய்வதில்லை. தொடக்கத்தில் மட்டும் சொல்லிவிட்டு விடாமல், முடிக்கும்போதும் தெளிவாகச் சொல்கிறேன். பிரிட்டனின் மென்டலிஸ்ட் டெரன் பிரவுன் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில், மாயாஜாலம், கருத்தேற்றம், மனவியல், திசைதிருப்பல், மேடைத்திறன் எல்லாம் கலந்தது இது என்று வெளிப்படையாகவே சொன்னார். கூட்டம் அதனால் குறையவில்லை.

கைப்பழக்கம், நீங்கள் அடுத்து இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் ஃபோரர் சோதனையைத் தெரிந்துகொள்ளுங்கள். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற மனவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, ஆளுக்கு ஒரு குணச்சித்திரம் எழுதித் தந்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள், அதிலும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். மனிதர்கள் முட்டாள்கள் என்று இதற்குப் பொருள் எடுத்துவிடாதீர்கள். தன்னை யாராவது புரிந்துகொள்ள மாட்டார்களா என்ற ஏக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. அதன் மேல்தான் நாம் கை வைக்கிறோம்.

நாகர்கோவில்காரன் | ஞாயிறு, இரவு 8.00

மனம் சார்ந்த மேடைக் கலை என்றால் எங்கள் கோட்டாறு பாவலரைச் சொல்லாமல் விட முடியாது. செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் (ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைத்துக் காட்டுவது) செய்தார். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி தருவார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் மணி அடிப்பார், ஒருவர் முதுகில் நெல்லோ கல்லோ எறிவார். அத்தனைக்கும் நடுவே பேசிக்கொண்டே இருந்து, கடைசியில் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்ல வேண்டும். இதில் மறைப்பு எதுவும் இல்லை, முழுக்க உழைப்பு. இன்றைய மென்டலிஸ்ட்டுகளிலும் உண்மையான நினைவுப் பயிற்சியை ஓர் ஐட்டமாக வைப்பவர்கள் உண்டு. தமிழில் மென்டலிசம் செய்ய விரும்பும் யாராவது அவதானத்தின் வடிவத்தை மேடைக்குக் கொண்டுவந்தால் நான் நாகர்கோவிலிலிருந்து ரயிலேறி வருவேன்.

இஸ்பேட்ராணி | ஞாயிறு, இரவு 9.45

ஷோ பார்க்கப் போகும் எல்லாப் புதியவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று பல வருடமாக நினைத்திருக்கிறேன்.

கல்லூரி இரண்டாம் ஆண்டில் நானும் சீட்டு பழகிக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரி விழாவுக்கு ஒரு மென்டலிஸ்ட் வந்தார். நான் முந்திக்கொண்டு மேடை ஏறினேன். மனதில் ஒரு படத்தை நினைத்து வரையச் சொன்னார், வீடு வரைந்தேன். அவர் தன் பலகையைத் திருப்பினார், வீடுதான். நான் மைக்கில் "இல்லை, நான் நினைத்தது படகு" என்று சொல்லிவிட்டேன். வழி எனக்குத் தெரிந்துவிட்டது, அதை அவருக்குக் காட்ட வேண்டும் என்ற வேகம். நண்பர்கள் விசில் அடித்தார்கள். அவரிடம் நான் வரைந்த தாள் இருந்தது. அதை விரித்துக் காட்டியிருந்தால் நான் கூனிக்குறுகியிருப்பேன். அவர் தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, "இன்று எனக்குச் சரியாக வரவில்லை, முயன்றதற்கு நன்றி" என்று கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். ஆயிரம் பேர் முன்னால் தன் மேல் பழியை ஏற்றுக்கொண்டார்.

இப்போது நானே மேடையில் நிற்கிறேன். எதிரே வந்து நிற்பவரின் மானத்தைக் காப்பது முதல் வேலை என்று அன்றைக்கு அவரிடம்தான் படித்தேன். 1950-களில் பிபிசி தொலைக்காட்சியில் சான் கனாஸ்டா என்பவர் தன் வித்தைகளைப் பரிசோதனை என்றே சொல்வார், தவறினால் தவறியதாகவே விட்டுவிடுவார். மக்கள் அதற்காகவே அவரை நம்பினார்கள். எங்களுக்குத் தவறுவதில் பயமில்லை. ஆனால் பார்க்க வந்தவர் வேண்டுமென்றே பொய் சொன்னால் அரங்கத்தில் இருக்கும் மற்ற எல்லோருடைய மாலையும் கெட்டுப்போகிறது. வித்தை பழகுகிறவர்கள் கைதூக்க வேண்டாம். யாராவது கூப்பிட்டால் "நானும் பழகுகிறேன், வேறு யாரையாவது அழையுங்கள்" என்று மெல்லச் சொல்லிவிடுங்கள், அவர்கள் நன்றியோடு நகர்ந்துவிடுவார்கள்.

அப்புறம், பக்கத்து இருக்கைக்காரரிடம் காதோடு காதாக வழியைச் சொல்லவும் வேண்டாம்.

கைப்பழக்கம் | அடுத்த ஞாயிறு, பிற்பகல் 12.30

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து வருகிறேன், காரணம் இருக்கிறது.

மேடைப்பின்புறம் அண்ணா சொன்னபடி அக்காவை எழுதித் தரச் சொன்னேன். ஒன்றரைப் பக்கம் எழுதினாள். ஏழு ஐட்டத்தில் ஐந்துதான் அதில் இருந்தது. நான் பெரிதாக நினைத்த உறை ஐட்டம் அதில் இல்லவே இல்லை. அந்த நண்பரின் பெயருக்கு மட்டும் அரைப் பக்கம். அவர்கள் இருவரும் படித்தது ஒரு கூரைப் பள்ளி, மழை பெய்தால் விடுமுறை, நண்பர் இடது கைக்காரர், இவ்வளவும் எழுதியிருக்கிறாள். நானும் அதே அரங்கத்தில்தான் இருந்தேன், இதில் ஒன்றுகூட என் காதில் விழவில்லை. என் தாளில் அந்த ஐட்டத்துக்கு நான்கு வரி, நான்கும் காகிதத்தைப் பற்றி.

நேற்று அதே ஷோ மறுபடி இருந்தது. தனியாகப் போனேன். கடைசி வரிசை, கை எதுவும் தெரியாத இடம். இந்த முறை மேலே வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை மாதிரி இருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன்: எழுதியதிலிருந்து பெயர் சொல்லும்வரை ஆறு நிமிடம். இன்னொன்றும் கவனித்தேன். எழுதி முடித்த பிறகு அவர் "எழுதியது" என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. "நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் பெயர்", "மனதில் இருக்கும் பெயர்" என்று ஐந்து முறை சொன்னார். வெளிச்சம் கேட்டதையும் கவனித்தேன். முடிக்கும்போது, தான் மனதைப் படிப்பவர் இல்லை, இது ஒரு வித்தை என்று நேராகவே சொன்னார். போன வாரமும் சொல்லியிருப்பார், நான்தான் கேட்கவில்லை.

பெயரைச் சொன்னபோது அந்த அம்மா உடனே கைதட்டவில்லை. அந்தப் பெயரைத் தானும் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிறகுதான் சிரித்தார்.

காகிதம் எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை.

இஸ்பேட்ராணி | ஞாயிறு, பிற்பகல் 1.15

அந்த "ஐந்து முறை" கண்டுபிடிப்புக்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். எனக்கு அது தெரியவே மூன்று வருடம் ஆனது.

வெளிச்சம் | ஞாயிறு, பிற்பகல் 1.50

கடைசியில் அப்படிச் சொன்னார் என்றால் எனக்கு மனநிறைவு. அடுத்த ஷோ தேதி தெரிந்தால் இங்கே போடுங்கள், நானும் வருகிறேன்.

மேடைப்பின்புறம் | ஞாயிறு, மாலை 5.20

தம்பி, அந்த ஆறு நிமிடத்தில் என்னென்ன கேட்டார், எந்த வரிசையில் கேட்டார் என்று ஞாபகம் இருக்கும்போதே எழுதி வையுங்கள். வழியை எழுத வேண்டாம், கேள்விகளை மட்டும். அடுத்த ஞாயிறு நாங்கள் நான்கைந்து பேர் பயிற்சிக்குக் கூடுகிறோம், இடத்தைத் தனிமடலில் அனுப்புகிறேன். சீட்டுக்கட்டு வேண்டாம். முடிந்தால் அக்காவையும் அழைத்து வாருங்கள், அவர் எழுதிய அந்த ஒன்றரைப் பக்கத்தை எங்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.